17 வயதுப் பெண்ணுக்கு ஓவர்டைம் (ஓ.டி.) எழுதலாமா? டைம் ஆபீஸில் இருந்து ஒரு கேள்வி

மஸ்டர்ரோல் | 12 மே 2023, இரவு 10.15

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டைம் ஆபீஸ் வேலை பார்க்கிறேன். வருகைப் பதிவும் வாரச் சம்பளக் கணக்கும் என் கையில்தான்.

எங்கள் காம்பவுண்டில் குடியிருக்கும் அக்காவின் மகள் பிளஸ் டூ எழுதினாள். திங்கட்கிழமை ரிசல்ட் வந்தது, நல்ல மார்க். காலேஜ் திறக்கும்வரை செக்கிங்கில் இருக்கட்டும் என்று எங்கள் கம்பெனியிலேயே சேர்த்துவிட்டார்கள். ஆதாரில் அவள் பிறந்த மாதம் 2005 நவம்பர். ஷிப்மென்ட் நெருக்கடியில் செக்கிங் முழுக்க ஒன்றரை ஷிப்ட் ஓடுகிறது. காலை 8.30-க்கு உள்ளே வந்தால் இரவு 9-க்குத்தான் வெளியே.

சூப்பர்வைசர் அவளையும் அரை ஷிப்டுக்குச் சேர்த்து எழுதச் சொல்கிறார். அவள் அம்மாவும் அதையேதான் சொல்கிறார்: "அந்த அரை ஷிப்டு இருந்தாத்தான் பீஸு கட்ட முடியும் சாமி, நீ எழுது." நான்கு நாளாக எழுதாமல் சாக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சரக்கு வாங்கும் பையர் அனுப்பும் ஆடிட்டருக்குக் காட்ட ஒரு நோட்டு, சம்பளத்துக்கு ஒரு நோட்டு என்பது இந்த ஊரில் யாருக்கும் புதிதில்லை. ஆடிட் நோட்டில் எங்கள் பெண்கள் எல்லோரும் 5.30-க்கு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். எனக்குத் தெரிய வேண்டியது, உண்மையில் சட்டம் எதுவரை விடுகிறது? தமிழக அரசு கொண்டுவந்த 12 மணி நேர வேலை மசோதாவை மே தினத்தன்று வாபஸ் வாங்கிவிட்டார்கள் என்றார்களே, அதனால் ஏதாவது மாறியதா?

கைமடி | 12 மே 2023, இரவு 10.52

அக்கா, நான் சேர்ந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. பவர் டேபிள் (மின் தையல் மெஷின்) டெய்லருக்குக் கைமடி, அதாவது உதவியாள். ஆடிட் ஆட்கள் வந்தால் எங்களை மொட்டை மாடிக்கு ஏற்றி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார வைத்துவிடுவார்கள். அது ஒன்றுதான் எங்களுக்கு ஓய்வு நேரம். சட்டத்தைக் கேட்டா திருப்பூரில் மெஷின் ஓடுகிறது? எழுதிவிட்டுத் தூங்குங்கள்.

வக்கீல் குமாஸ்தா | 13 மே 2023, காலை 6.30

கைமடி தம்பி சொல்வது நடப்பு. மஸ்டர்ரோல் கேட்பது சட்டம். இரண்டும் வேறு என்பதால்தான் இரண்டு நோட்டு.

1948 தொழிற்சாலைச் சட்டத்தின்படி 18 முடிந்த எந்தத் தொழிலாளிக்கும் வாரம் 48 மணி நேரம், நாள் ஒன்றுக்கு 9 மணி நேரம். ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, நடுவில் அரை மணியாவது ஓய்வு வேண்டும். உள்ளே நுழைந்ததிலிருந்து வெளியே வருவது வரை, ஓய்வையும் சேர்த்து, பத்தரை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் 8.30 முதல் 9 வரை பன்னிரண்டரை மணி நேரம், அந்த இடத்திலேயே தவறிவிட்டது.

அவசர வேலைக்கு அரசு விலக்குத் தரலாம். அதற்கும் கூரை உண்டு. 64-வது பிரிவில் நாளுக்கு 10 மணி, ஓ.டி.யைச் சேர்த்து வாரத்துக்கு 60 மணி, ஒரு காலாண்டில் மொத்த ஓ.டி. 50 மணி. 65-வது பிரிவில் விலக்கு வாங்கினால் நாளுக்கு 12, காலாண்டுக்கு 75, ஏழு நாளுக்கு மேல் தொடர்ந்து ஓ.டி. கூடாது.

இந்த நாள் கணக்கு விலக்கு பெண்களுக்குக் கிடையாது. 66-வது பிரிவில் முதல் வரியே அதுதான்: 9 மணி நேர வரம்பிலிருந்து எந்தப் பெண்ணுக்கும் விலக்குத் தரக்கூடாது. உங்கள் கம்பெனியில் மதியச் சாப்பாட்டு ஒரு மணி போக 5.30-க்கு எட்டு மணி நேரம் முடிகிறது என்றால், விலக்கு வாங்கியிருந்தாலும் 6.30-க்குப் பெண்கள் ஊசியைக் கீழே வைத்தாக வேண்டும். அரை ஷிப்ட் என்பதற்கே சட்டத்தில் இடமில்லை.

இனி அந்தப் பெண். 15 முடிந்து 18 முடியாதவர்கள் வளரிளம் பருவத்தினர். சர்டிபையிங் சர்ஜன் (இதற்கென அரசு நியமித்த மருத்துவர்) பார்த்து, 'வயது வந்தவரைப் போல வேலை செய்யத் தகுதி' என்று சான்று தந்து, அது அலுவலகத்தில் இருந்து, அதன் எண் போட்ட வில்லையை அவள் வேலை நேரத்தில் வைத்திருந்தால் மட்டுமே அவளுக்குப் பெரியவர்கள் கணக்கு. அப்போதும் காலை 6-லிருந்து மாலை 7 வரைதான். சான்று இல்லையென்றால் என்ன வயதானாலும் அவள் சட்டப்படி குழந்தை. குழந்தைக்கு நாளுக்கு நாலரை மணி நேரம். ஓ.டி. என்ற பேச்சே எழாது.

சான்று இருக்கிறதா?

மஸ்டர்ரோல் | 13 மே 2023, மதியம் 1.20

சான்றா? ஆறு வருடத்தில் அப்படி ஒரு தாளை நான் கண்ணால் பார்த்ததில்லை சார். ஆதார் ஜெராக்ஸ், பேங்க் பாஸ்புக், அவ்வளவுதான் வாங்குகிறோம். அப்படியானால் நாலரை மணி நேரமா? அவள் இப்போது செய்யும் எட்டு மணி நேரமே தவறா?

வக்கீல் குமாஸ்தா | 13 மே 2023, மதியம் 2.05

ஆமாம்மா. சான்றுக்கு ஆகும் செலவு முதலாளியுடையது. அதைப் பெண்ணிடமோ பெற்றோரிடமோ பிடிக்கக் கூடாது என்றும் எழுதியிருக்கிறது. பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

இன்னொன்று. "அம்மாவுக்காகக் காத்திருக்கிறாள், வேலை செய்யவில்லை" என்று சிலர் சொல்வார்கள். மெஷின் ஓடும் நேரத்தில் தொழிற்சாலைக்குள் ஒருவர் இருந்தால், சாப்பாட்டு இடைவேளை தவிர, வேலையில் இருப்பதாகவே கொள்ளப்படும் என்கிறது 103-வது பிரிவு. இல்லை என்று காட்டுவது கம்பெனியின் பொறுப்பு.

ஜாப்ஒர்க் முதலாளி | 13 மே 2023, மாலை 6.40

நானும் பேசலாமா? நாற்பது மெஷின் வைத்து ஜாப் ஒர்க் எடுக்கிறேன். அடிக்க வருபவர்கள் வரிசையில் வரவும்.

பையர் ஆர்டரைக் கையெழுத்துப் போட ஒரு மாதம் இழுப்பான். துணி டையிங்கிலிருந்து பத்து நாள் தாமதமாக வரும். ஆனால் கப்பல் தேதி மட்டும் நகராது. தவறவிட்டால் சரக்கை விமானத்தில் அனுப்பு என்பான், அந்தச் செலவு எங்கள் தலையில். நடுவில் போன நாட்களை எங்கே பிடிப்பது? இரவில்தான்.

அப்புறம், ஓ.டி. வேண்டாம் என்று நான் ஒரு மாதம் 5.30-க்குப் பூட்டிப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது வாரம் செக்கிங்கில் பாதிப் பேர் இல்லை. பக்கத்து வீதியில் ஒன்றரை ஷிப்ட் ஓடுகிறது என்று போய்விட்டார்கள். கேட்டு வருபவர்களே அவர்கள்தான். வாடகை, சீட்டு, குழு லோன் எல்லாம் ஒன்றரை ஷிப்ட் சம்பளத்தை வைத்துப் போட்ட கணக்கு. சட்டம் அவர்களுக்கு நல்லது செய்வதாக நினைத்துச் சட்டிப் பானையில் கை வைக்கிறது.

சைடர் அக்கா | 13 மே 2023, இரவு 9.10

முதலாளி சார், கேட்டு வருகிறார்கள் என்பது உண்மைதான். ஏன் கேட்கிறார்கள்? எட்டு மணி நேரச் சம்பளத்தில் குடும்பம் ஓடாது. அதை முதலில் சொல்லிவிட்டு அப்புறம் சட்டத்தைத் திட்டுங்கள்.

நான் கோயம்புத்தூர்ப் பக்கம் ஸ்பின்னிங் மில்லில் சைடராக, அதாவது நூற்கும் பிரேமைப் பார்ப்பவளாக இருந்தவள். ஹாஸ்டல் பெண்ணாகச் சேர்ந்தேன், மூன்று வருடம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தப் பணம் என்று. வெளியே அதற்குச் சுமங்கலித் திட்டம் என்று பெயர், நாங்கள் 'ஸ்கீம்' என்போம். ஹாஸ்டலில் இருப்பவளுக்கு ஓ.டி.யை மறுக்க வழியே இல்லை. அரை நைட் முடித்து வந்து படுத்திருப்போம். ஆள் வரவில்லை என்றால் வார்டன் வந்து கதவைத் தட்டுவார். "எந்திரிங்கடி, பிரேம் நிக்குது." சம்மதம் கேட்டதாகத்தான் கணக்கு.

நூல்கண்டு | 13 மே 2023, இரவு 10.30

ஒரு சந்தேகம். நான் பெண்தான், குவாலிட்டியில் வேலை. பெண்ணுக்கு மட்டும் 9 மணி, ஆணுக்கு 12 மணி என்பது எனக்குப் பாதுகாப்பாகத் தெரியவில்லை. அந்த மூன்று மணி நேரச் சம்பளம் ஆணுக்கு மட்டும் போகிறது. நைட் ஷிப்ட் தடையைக் கோர்ட்டே ரத்து செய்துவிட்டது என்று படித்தேன். அப்படியென்றால் இந்த 9 மணியும் போய்விட்டதா?

வக்கீல் குமாஸ்தா | 14 மே 2023, காலை 7.00

நல்ல கேள்வி. இதில்தான் பலரும், கம்பெனி மேனேஜர்கள் உட்பட, குழம்புகிறார்கள்.

சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில் வசந்தா வழக்கில் ரத்து செய்தது 66(1)-ல் ஆ உட்பிரிவை மட்டும். அதாவது மாலை 7-லிருந்து காலை 6 வரை பெண் வேலை செய்யக் கூடாது என்பதை. கூடவே நிபந்தனைகளும் போட்டது: இரவில் பத்துப் பேருக்குக் குறையாத குழுவாக இருக்க வேண்டும், போக்குவரத்து வேண்டும், பாலியல் தொல்லையிலிருந்து பாதுகாப்பு வேண்டும் என்று ஒரு நீண்ட பட்டியல்.

அ உட்பிரிவு, அதாவது 9 மணி நேரம், அப்படியே நிற்கிறது. எந்த நேரத்தில் வேலை என்பது ஒரு கேள்வி, எவ்வளவு நேரம் வேலை என்பது வேறு கேள்வி. இரவு ஷிப்டில் எட்டு மணி நேரம் வரலாம். பகல் ஷிப்டை முடித்துவிட்டு அதோடு இரவையும் ஒட்டவைக்க முடியாது.

வளரிளம் பெண்ணுக்கு மாலை 7 மணித் தடை வேறொரு பிரிவில், 70-ல், இருக்கிறது. வசந்தா தீர்ப்பைக் காட்டி 17 வயதுப் பெண்ணை 9 மணி வரை உட்கார வைக்க முடியாது.

சைடர் அக்கா | 14 மே 2023, காலை 11.45

நூல்கண்டு பாப்பா, நீ கேட்டது நியாயம். ஆனால் 12 மணி நேரம் வேலை செய்த ஆண் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுப்பான். நான் 12 மணி நேரம் முடித்துப் போனால் அடுப்பு காத்திருக்கும். சட்டம் இதை நினைத்து எழுதியதா தெரியாது, எனக்கு அந்த 9 தான் வேண்டும். முடிந்தால் ஆணுக்கும் 9 ஆக்கு. எனக்கு 12 ஆக்காதே.

பழைய பேப்பர் | 14 மே 2023, மதியம் 3.30

இந்தச் சண்டை நூறு வருடத்துக்கு மேல் பழையது. 1881-ல் வந்த முதல் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயதுக்குக் கீழே வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. ஏழிலிருந்து பன்னிரண்டு வரை ஒன்பது மணி நேரம் வேலை வாங்கலாம்! பெரியவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை. 1891-ல்தான் பெண்களுக்குப் பதினோரு மணி நேரம் என்று வந்தது. அப்போதும் ஆணுக்கு வரம்பு இல்லை. பருத்தி மில் ஆண்களுக்கு 12 மணி என்று 1911-ல் வந்தது, 1922-ல் எல்லோருக்கும் வாரம் 60, 1934-ல் 54, 1946-ல் 48. முதலில் குழந்தை, பிறகு பெண், கடைசியாக ஆண் என்றுதான் ஒவ்வொரு வரம்பும் வந்திருக்கிறது. பெண்ணுக்கு வந்தது பின்னால் ஆணுக்கும் வந்தது. சைடர் அக்கா கேட்பது சரித்திரத்தில் நடந்ததுதான்.

இந்திய மில்களுக்கு நேர வரம்பு போடச் சொல்லி அந்தக் காலத்தில் அதிகம் சத்தம் போட்டவர்களில் லங்காஷயர் மில் முதலாளிகளும் உண்டு. குழந்தைகள் மேல் பாசம் இல்லை, பம்பாய் நூல் போட்டியாக வந்ததுதான் காரணம். இன்றைக்குப் பையர் அனுப்பும் ஆடிட்டரைப் பார்த்தால் எனக்கு அது ஞாபகம் வரும்.

மஸ்டர்ரோல் | 14 மே 2023, இரவு 9.50

நேற்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சம்பளத்தை எளிதாக 480 என்று வைத்துக்கொள்ளுங்கள், எட்டு மணி நேரத்துக்கு. மணிக்கு 60 ரூபாய். 5.30 முதல் 9 வரை மூன்றரை மணி நேரம், அதற்கு அரை ஷிப்ட் 240 தருகிறோம். டீ, பன் தனி.

வாரத்துக்கு 21 மணி நேரம் ஓ.டி. காலாண்டுக்கு 50 என்ற கூரை மூன்றாவது வாரமே முடிந்துவிடுகிறது. 75 என்றால் நான்காவது வாரம். ஏப்ரல் 1-ல் தொடங்கும் காலாண்டு ஏப்ரலிலேயே தீர்ந்துவிட்டது, மே, ஜூன் முழுக்க யாருக்கும் ஒரு மணி நேரம்கூட மிச்சமில்லை. ஆண்களுக்கே இந்தக் கதை.

சார், 9 மணிக்கு மேல் உள்ளதற்குத்தான் இரட்டைச் சம்பளமா? அப்படியானால் நாளுக்கு இரண்டரை மணி நேரம்தானே?

வக்கீல் குமாஸ்தா | 14 மே 2023, இரவு 10.20

இல்லை. நாளில் 9-க்கு மேல் அல்லது வாரத்தில் 48-க்கு மேல் என்கிறது 59-வது பிரிவு. உங்கள் ஆட்கள் எட்டு மணி நேரத்திலேயே ஆறு நாளில் 48-ஐத் தொட்டுவிடுகிறார்கள். ஆகவே 21 மணியும் ஓ.டி., 21-க்கும் இரட்டை. மூன்றரை மணிக்கு 420 வர வேண்டும், 240 வருகிறது. நாளுக்கு 180, வாரத்துக்கு 1,080 ரூபாய் குறைவு.

வரம்பை மீறியதால் அந்த நேரத்துக்குக் கூலி இல்லை என்று எந்த முதலாளியும் சொல்ல முடியாது. மீறியது அவர் குற்றம், உழைத்தது இவள் உரிமை.

பீஸ் ரேட் (ஒரு பீஸுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும்) டெய்லர்களுக்கு ஓ.டி. கிடையாது என்று ஒரு பேச்சு உலவுகிறது, அதுவும் தவறு. அதே வேலையில் முந்தைய மாதம் வேலை செய்த நாட்களின் சராசரி வரும்படியை, ஓ.டி. நீக்கி எடுத்து, அதையே நேரக் கூலியாக வைத்து இரட்டிக்க வேண்டும்.

ஜாப்ஒர்க் முதலாளி | 14 மே 2023, இரவு 11.05

இரட்டை கொடுத்தால் தைக்கும் ஒவ்வொரு பீஸுக்கும் எனக்கு நட்டம். கணக்கைக் காட்டவும் தயார். அதனால்தான் அந்த 12 மணி நேர மசோதா (65ஏ பிரிவு) வரும் என்று நம்பினோம். வாரம் நான்கு நாள் 12 மணி நேரம், மூன்று நாள் லீவு என்று அமைச்சர்களே விளக்கினார்களே.

பழைய பேப்பர் | 15 மே 2023, காலை 8.15

நான்கு நாள் கதை விளக்கத்தில்தான் இருந்தது. ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறியதில் இருந்தது, அரசு நினைத்த தொழிற்சாலைக்கு வேலை நேரப் பிரிவுகளிலிருந்து விலக்குத் தரும் அதிகாரம். அந்தப் பட்டியலில் 59-வது பிரிவும் இருந்தது, இரட்டைச் சம்பளம்! கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. 24-ம் தேதி நிறுத்தி வைத்தார்கள், மே 1 அன்று முதல்வர் வாபஸ் அறிவித்தார். ஆகவே மஸ்டர்ரோலின் கேள்விக்குப் பதில்: ஒன்றும் மாறவில்லை.

குஜராத் இதையே 2020 ஏப்ரலில் கொரோனாவைச் சொல்லிச் செய்தது. 12 மணி நேரம், கூடுதல் நேரத்துக்கு ஒற்றைக் கூலி. அந்த அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, ஓ.டி.யை 59-ன்படி கொடுக்கச் சொன்னது. கர்நாடகச் சட்டமன்றம் இந்தப் பிப்ரவரியில் காலாண்டு 75-ஐ 144 ஆக்கும் திருத்தத்தை நிறைவேற்றியிருக்கிறது.

கிளிநொச்சி மழை | 15 மே 2023, மாலை 5.40

எங்கட பக்கத்தையும் சொல்லுறன். இலங்கையில் பெண்களுக்கு மேலதிக நேரம் முதலில் வருடத்துக்கு 100 மணித்தியாலம்தான். 2002-ல் திருத்தி மாதத்துக்கு 60 ஆக்கினார்கள். வருடத்துக்கு 720. கட்டுநாயக்க ஏற்றுமதி வலயத்தில் சட்டத்தை மீறி நடந்ததை ஒரே கையெழுத்தில் சட்டம் ஆக்கினது போல. இப்போது வன்னியிலும் கார்மென்ட்ஸ் வந்துவிட்டது. எங்கட பிள்ளைகள் ரார்கெட் முடியாமல் ஓவர்ரைமை மறுத்தால், ஒழுங்காக வேலைக்கு வருவதற்குத் தரும் வரவுக் கொடுப்பனவில் கை வைப்பார்களோ என்று பயந்தே நிற்கிறார்கள்.

கைமடி | 15 மே 2023, இரவு 9.30

அக்கா, முதல் நாள் கிண்டலாக எழுதியதற்கு மன்னிக்கவும். அந்தத் தண்ணீர்த் தொட்டி ஞாபகம்தான். அந்தப் பெண்ணை எழுதாதீர்கள்.

மஸ்டர்ரோல் | 21 மே 2023, இரவு 8.40

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை சூப்பர்வைசரிடம் சான்று இல்லாமல் எழுத மாட்டேன் என்றேன். அவர் மேனேஜரிடம் போனார். மேனேஜர் சட்டம் பேசவில்லை, "அடுத்த வாரம் ஆடிட் இருக்கு, எதுக்கு வம்பு" என்று அவளை வேலையை விட்டே நிறுத்திவிட்டார். நான் நினைத்தது 5.30-க்கு அனுப்புவார்கள் என்று.

வியாழக்கிழமை அவள் வேறொரு கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். 19 வயது என்று சொல்லி, தன் கூடப்பிறந்த அக்காவின் ஆதாரைக் கொடுத்து. அங்கேயும் ஒன்றரை ஷிப்ட். அவள் அம்மா என்னோடு பேசுவதில்லை. குழாயடியில் குடத்தை நகர்த்தி வைத்துவிட்டுப் போகிறார்.

சைடர் அக்கா | 21 மே 2023, இரவு 9.25

நீ செய்தது தப்பில்லை கண்ணு. அந்த அம்மாவும் தப்பில்லை. முதல் பட்டதாரிச் சான்று, கல்வி உதவித்தொகை விண்ணப்பம் எல்லாம் இருக்கிறது, அதில் நீ உதவு. கோபம் போகும்.

நூல்கண்டு | 7 டிசம்பர் 2025, மாலை 4.10

பழைய இழையைத் தூசி தட்டுகிறேன். நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டன. 1948 சட்டமே போய்விட்டது. இப்போது கணக்கு என்ன சார்?

வக்கீல் குமாஸ்தா | 7 டிசம்பர் 2025, இரவு 8.00

புதிய பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பில் நாளுக்கு எட்டு மணி நேரம். ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம் தொடர்கிறது, நாள் கணக்கு, வாரக் கணக்கு இரண்டில் தொழிலாளிக்கு எது லாபமோ அது. தொழிலாளியின் சம்மதம் இல்லாமல் ஓ.டி. கூடாது. பெண்கள் மாலை 7-க்கு மேலும் காலை 6-க்கு முன்னும் சம்மதத்தோடு வேலை செய்யலாம்.

நான் கவனிப்பது வேறு. காலாண்டுக்கு 50, 75 என்ற எண்கள் முன்பு சட்டத்திலேயே இருந்தன, மாற்ற வேண்டுமானால் சட்டமன்றத்துக்கு வந்தாக வேண்டும், 2023-ல் நடந்தது போலக் கூச்சல் எழும். இனி அந்த எண்ணை அரசு விதியில் போடும். விதியை மாற்ற ஓர் அறிவிக்கை போதும். 'எந்தப் பெண்ணுக்கும் விலக்கு இல்லை' என்ற பழைய வரியையும் இதில் தேடிப் பார்த்தேன். அதன் இடத்தில் இருப்பது சம்மதம் என்ற சொல்தான்.

சைடர் அக்கா | 7 டிசம்பர் 2025, இரவு 9.15

சம்மதமா! எங்கள் வார்டனும் அதைத்தான் கேட்டார், கதவைத் தட்டி.

மஸ்டர்ரோல் | 8 டிசம்பர் 2025, இரவு 10.05

இப்போது எங்கள் கம்பெனியில் சம்மதப் படிவம் அச்சடித்துவிட்டார்கள். வேலைக்குச் சேரும் அன்றே ஆதார் ஜெராக்ஸோடு சேர்த்து அதிலும் கையெழுத்து வாங்குகிறேன், தேதி போடாமல். தேதியை நான் பிறகு போட்டுக்கொள்ள வேண்டுமாம்.

அந்தப் பெண் பி.காம். கடைசி வருடம். போன மாதம் காம்பவுண்டில் நின்று கேட்டாள், "அக்கா, உங்க கம்பெனியில டைம் ஆபீஸ்ல ஆள் எடுப்பாங்களா?" இன்னும் பதில் சொல்லவில்லை.